எந்த ஜீப் அசல்?

(கோவையில் பழைய வாகன ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வரிசையாக நின்ற ஜீப்புகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு மூன்று வண்டிகள் நல்ல ராணுவப் பச்சையில் மின்னுகின்றன. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சட்டப்படி அந்த நிறத்துக்கு உங்களுக்கு உரிமை இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2021-ல் அதே விதிகளில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு திருத்தம் வந்தது. 50 வயது கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் வண்டி முதலில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஆக, ஒரு விதி ‘அசலாக இரு’ என்கிறது. இன்னொன்று ‘அசல் நிறத்தில் இராதே’ என்கிறது. பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவனின் கதி இது. சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். ராணுவ ஜீப்பில் ‘அசல்’ என்று எதைச் சொல்வது? ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வி அவ்வளவு சிக்கல் இல்லை. ஜீப்பிடம் சிக்கல், ஏனென்றால் அந்த வண்டி பிறந்ததே கைக்குக் கிடைத்த பாகங்களைக் கோத்துத்தான். பிறந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு வில்லிஸ் பெயர் தெரியும், பேன்டம் பெயர் தெரியாது. அது நியாயமில்லை.

1940-ல் பிரான்ஸ் சில வாரங்களில் வீழ்ந்துவிட்டது. ஜெர்மன் படை சக்கரத்தில் ஏறி வந்த வேகத்தைப் பார்த்த அமெரிக்க ராணுவத்துக்கு அவசரம் பிறந்தது. குதிரைக்கும் சைடுகார் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக ஒரு சின்ன வண்டி வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், கால் டன் சுமக்க வேண்டும், வண்டியின் எடையோ 1,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது 590 கிலோ. இது நடக்கிற காரியமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 135 கம்பெனிகளுக்கு அழைப்பு அனுப்பினார்கள். முதல் வண்டியைச் செய்து காட்ட 49 நாள் கெடு. அந்தக் கெடுவுக்குள் முடித்துத் தருகிறேன் என்று துணிந்தது ஒரே ஒரு கம்பெனி: பென்சில்வேனியா மாநிலம் பட்லர் என்ற சிற்றூரில் சின்னக் கார்கள் செய்து நொடித்துப்போயிருந்த அமெரிக்கன் பேன்டம். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்குத்தானே அப்படித் துணிச்சல் வரும்.

பேன்டம் கம்பெனியில் படம் வரைய ஆள் இல்லை. டெட்ராய்ட்டில் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்த கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். ஜூலை 17-ஆம் தேதி பலகையில் காகிதத்தை விரித்தவர் இரண்டு நாளில் முழு வண்டியையும் வரைந்து முடித்தார். எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியுடையது. அச்சுகள் ஸ்பைசருடையவை. பேன்டம் தன் கார்களுக்கு வைத்திருந்த சில தகடுகளும் உள்ளே போயின. செப்டம்பர் 23-ஆம் தேதி அந்த வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டே மேரிலாந்து மாநிலத்தின் ஹோலபேர்டு ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் நுழைந்தபோது கெடு முடிய அரை மணி நேரம் பாக்கி. எடை? 590 கிலோவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. 800 கிலோவைத் தாண்டியது. ஆனால் வண்டி ஏறாத மேடெல்லாம் ஏறியது. எடைக் கணக்கை ராணுவம் மாற்றிக்கொண்டது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கசப்பாக இருக்கிறது. பேன்டம் சின்னக் கம்பெனி, இவர்களால் ஆயிரக்கணக்கில் செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆட்கள் வந்து பேன்டம் வண்டியைச் சுற்றிப் பார்த்து, அளந்து, குறிப்பெடுத்துக்கொள்ள ராணுவமே இடம் கொடுத்தது. சில வாரங்களில் இரண்டு கம்பெனிகளும் தங்கள் மாதிரியைக் கொண்டுவந்தன. வில்லிஸ் மாதிரியின் பெயர் குவாட், ஃபோர்டு மாதிரியின் பெயர் பிக்மி. முதல் பிக்மி இன்றும் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ், தன் எஞ்சினை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வண்டியின் எடையைக் குறைக்க நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் நுனிகளை எல்லாம் அறுத்தார், பெயின்டையும் ஒரு கோட்டோடு நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அந்த எஞ்சின் 60 குதிரைத் திறன் தந்தது. மற்ற இருவரிடமும் அந்த இழுப்பு இல்லை. 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. ஒரு வண்டி 748 டாலர் 74 சென்ட். பேன்டம் சுமார் 2,700 ஜீப்புகளோடு நின்றுவிட்டது. போர் முடியும்வரை அவர்கள் செய்தது ஜீப் இழுத்துப்போகும் டிரெய்லர்.

ஜீப்பை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, அப்படிச் சொல்லக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பும் சொன்னது. அதற்குள் ஊரெல்லாம் வில்லிஸ் பெயர் பதிந்துவிட்டது. இன்று இந்த மண்டபத்திலும் அப்படித்தான்.

வில்லிஸ் ஒரு கம்பெனியால் மட்டும் போருக்கு வேண்டியதைச் செய்ய முடியவில்லை. 1941 கடைசியில் ஃபோர்டையும் சேர்த்துக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: வில்லிஸ் படப்படியே செய்ய வேண்டும், ஒரு வண்டியின் எந்தப் பாகத்தையும் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட முடிய வேண்டும். வில்லிஸ் செய்தவை ‘எம்.பி.’, ஃபோர்டு செய்தவை ‘ஜி.பி.டபிள்யூ.’ வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000. ஐசன்ஹோவர் தன் போர் நினைவுகளில், வெற்றிக்குத் தவிர்க்க முடியாதவை என்று தளபதிகள் கருதிய கருவிகளைச் சொல்லும்போது புல்டோசர், ஜீப், இரண்டரை டன் லாரி, சி-47 விமானம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். ஒன்றுகூடச் சுடுகிற கருவி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி வண்டியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். யாராவது ‘1942 மாடல் மிலிட்டரி வில்லிஸ் சார்’ என்று ஒரு வண்டியைக் காட்டினால் பானட்டைத் திறப்பதற்கு முன்பு முன்பக்கம் மண்டியிட்டு உட்காருங்கள். ரேடியேட்டருக்கு அடியில் இரண்டு சாசிச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைக் கையால் தடவுங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் சாசி. ‘ப’வைக் கவிழ்த்துப் போட்டது போல் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு சாசி எண் சட்டத்தின் மேல்பக்கத்திலேயே பொறித்திருக்கும். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். தகடு கழன்று விழக்கூடியது, கழற்றி விற்கக்கூடியதும்தான்.

பிறகு போல்ட். ஃபோர்டு கம்பெனி தான் செய்த பாகம் எதுவானாலும் அதில் ‘எஃப்’ என்ற எழுத்தைக் குத்தியது. மட்கார்டில் இருக்கும், பம்பரில் இருக்கும், கொக்கியில் இருக்கும், போல்ட் தலையில்கூட இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால், எழுபது எண்பது வருட கிரீஸுக்கு அடியிலிருந்து அந்தச் சின்ன எழுத்து எழுந்து வரும். அதைப் பார்க்கும் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ‘எஃப்’ போட்ட போல்டுகளை மட்டும் தனியாக வாங்கி விற்கும் வியாபாரிகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

டிரைவர் சீட்டைத் தூக்குங்கள். டேங்க் மூடி அங்கேதான் இருக்க வேண்டும். போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் மேல்தான் டிரைவர் உட்கார்ந்திருப்பார். மூடி உடலுக்கு வெளியே, பக்கவாட்டில் இருந்தால் அது போருக்குப் பின் வந்த விவசாயிகள் ஜீப்பான சி.ஜே. வகை. கிரில்லில் ஒன்பது கீறல் இருந்தால் ராணுவம், ஏழு என்றால் சிவிலியன். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், ஒன்பது கீறல் கிரில்லை நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் இரண்டு நாளில் வெட்டித் தருவார்கள். பின்பக்கம் திறக்கும் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். ராணுவ ஜீப்புக்கு அது கிடையாது, அங்கே ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் தொங்கும். கடைசியாக ஹெட்லைட். கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டால் ஒரு விங் நட் அகப்படும். அதைத் தளர்த்தினால் ஹெட்லைட் அப்படியே மேலே புரண்டு எஞ்சினைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். நடுராத்திரியில் டார்ச் பிடிக்க ஆள் தேடாமல் கார்புரேட்டரைக் கழற்றலாம். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மெக்கானிக்கின் கஷ்டம் தெரிந்தவர்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஃபோர்டு ஜீப் பர்மா முனையில் அச்சு உடைந்து நிற்கிறது. பக்கத்தில் குண்டடி பட்ட வில்லிஸ் ஒன்று கிடக்கிறது. மெக்கானிக் என்ன செய்வார்? வில்லிஸ் அச்சைக் கழற்றி ஃபோர்டில் மாட்டி மறுநாள் காலையில் வண்டியை அனுப்பிவிடுவார். அதற்காகத்தானே எல்லாப் பாகமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்? போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் பாரிஸ் பக்கத்தில் மால்தூர்னே பட்டறையில் ஜீப்புகளை மொத்தமாகக் கழற்றி, பாகம் பாகமாகக் குவித்து, மறுபடி கோத்தது. வில்லிஸ் சாசியில் ஃபோர்டு உடல், அதில் வேறெங்கோ கிடைத்த எஞ்சின் என்று ஐரோப்பியச் சேகரிப்பாளர் பலர் கையில் இன்று இருப்பவை அப்படிக் கோத்த வண்டிகள்தான். அந்த வண்டியில் இருக்கும் வில்லிஸ் போல்டை எல்லாம் பிடுங்கி எறிந்து, ‘எஃப்’ போட்ட போல்டைக் காசு கொடுத்து வாங்கி மாட்டி, ‘நூற்றுக்கு நூறு அசல் ஃபோர்டு’ என்று நிறுத்துகிறார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த ஒரு நாள் மட்டும்தான் அந்த வண்டி அப்படி இருந்தது. போர் செய்த வண்டி வேறு.

அப்படிச் செய்கிறவர்களை நான் கேலி செய்யவில்லை. அந்த ஒரு நாளையும் யாராவது காப்பாற்ற வேண்டும். அமெரிக்காவில் 1976-ல் ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியபின் இந்த அறிவு முறையாகச் சேர்ந்தது. எந்த மாதம் எந்த போல்ட் மாறியது என்று அவர்களால் சொல்ல முடியும். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன அடையாளங்களில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நம் நாட்டு வண்டிகளுக்கு அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

போர் முடிந்தபோது குவிந்துகிடந்த வண்டிகளை என்ன செய்தார்கள் என்பதே தனிக் கதை. பசிபிக்கில் இன்றைய வனுவாட்டு நாட்டின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் ஜீப்பையும் லாரியையும் புல்டோசரையும் அமெரிக்கர்கள் கடலில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கே ‘மில்லியன் டாலர் முனை’ என்று பெயர், இன்று அங்கே முக்குளிக்கப் போகிறார்கள். பிலிப்பைன்ஸில் விட்டுப்போன ஜீப்புகளின் உடலை நீட்டி, பெஞ்ச் போட்டு, சாமி படம் ஒட்டி ‘ஜீப்னி’ பஸ்ஸாக்கினார்கள். அந்தத் தகட்டு வேலைப் பழக்கம் வளர்ந்து, இன்று அதே நாட்டில் எம்.டி.ஹுவான் என்ற நிறுவனம் போர்க்கால ஜீப்பின் உடலைப் புதிதாக அடித்து உலகம் முழுவதும் அனுப்புகிறது. அமெரிக்காவில் மட்டும் ‘கிரீஸ் தடவி மரப்பெட்டியில் அடைத்த புத்தம் புது ஜீப் 50 டாலர்’ என்று பத்திரிகைகளில் பல வருடம் விளம்பரம் வந்தது. பணம் அனுப்பினால் ஜீப் வராது. அரசு ஏலத்தில் பழைய சாமான் வாங்குவது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் வரும்.

இந்தியாவுக்கு ஜீப் வந்தது பர்மாப் போரோடு. லெடோ சாலையில், இம்பால் மலையில் அது ஆம்புலன்ஸாக ஓடியது. வடக்கு பர்மாவில் ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் வேகன் இழுத்தது. பிரிட்டிஷ் படைக்குப் போன ஜீப்பின் பானட்டில் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் எழுதியிருப்பார்கள். போர் முடிந்து ‘டிஸ்போசல்’ ஏலத்தில் இவை எஸ்டேட் துரைமார், கான்டிராக்டர், ஜமீன், லாரி முதலாளி என்று பல கைக்கு மாறின.

பழைய ஜீப் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் இந்திய அரசாங்கமும் உண்டு என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். 1948-ல் காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், பழுதுபார்த்த ஜீப்புகள் வாங்க 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. அவையும் உதவாதவை என்று ராணுவம் ஒதுக்கியது. நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை. 1955-ல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரத்தை முடித்துவைத்தார். அடுத்த ஆண்டு மேனன் மத்திய அமைச்சரானார். நேரில் போய் சாசியைத் தடவிப் பார்க்காமல் பழைய வண்டிக்குப் பணம் கட்டாதீர்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1945-ல் லூதியானாவில் ‘மகிந்திரா அண்ட் முகமது’ என்று தொடங்கிய இரும்பு வியாபாரக் கம்பெனி, பிரிவினைக்குப் பின் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆனது. பங்காளியாக இருந்த குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். கே.சி.மகிந்திரா அமெரிக்காவில் இருந்தபோது பார்னி ரூஸைச் சந்தித்திருந்தார், அந்தப் பழக்கம் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்தது. 1949-ல் பம்பாய் மஸகானில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வைத்துக் கோக்கத் தொடங்கினார்கள். பிறகு வந்ததுதான் நமக்கெல்லாம் தெரிந்த சி.ஜே.3பி. வால்வு தலைக்கு மேல் ஏறியதால் எஞ்சின் உயரமாகிவிட்டது, அதை மூட பானட்டைத் தூக்கினார்கள். நம் பட்டறைகளில் இன்றும் ‘லோ பானட்’, ‘ஹை பானட்’ என்று இரண்டு சாதியாகத்தான் பேச்சு. அமெரிக்காவில் அந்த ஹை பானட்டை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. இங்கோ அதுதான் கலெக்டர் வண்டி, தாசில்தார் வண்டி, இன்ஸ்பெக்டர் வண்டி, தேர்தல் நேரத்தில் மைக் கட்டிய வண்டி. தமிழ்ப் படத்தில் கடைசிக் காட்சிக்குத் தாமதமாக வரும் போலீஸும் அதில்தான் வரும்.

லேண்ட் ரோவரையும் டொயோட்டாவையும் விட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், இரண்டும் ஜீப்பைப் பார்த்து எழுந்தவையே. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார், அது போனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கவலையில் பிறந்தது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்தது. இரும்புத் தட்டுப்பாட்டால் அலுமினிய உடல். டொயோட்டா 1951-ல் தன் ஜீப்பை ஃபூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏற்றிக் காட்டியது, மூன்று வருடம் கழித்து அதற்கு லேண்ட் க்ரூஸர் என்று பெயர் வைத்தது.

நம் ராணுவத்தின் சொந்த வண்டி என்றால் ஜோங்கா. நிசான் பேட்ரோலின் உரிமம் வாங்கி ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தோனி ராஞ்சித் தெருவில் பச்சை நிற நிசான் ராணுவ வண்டி ஒன்றை ஓட்டிய படம் 2019-ல் வெளிவந்ததும் சென்னைப் பையன்கள் நிறைய பேர் என்னிடம் ஜோங்கா விசாரித்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டேன்: ‘தம்பி, பெட்ரோல் பங்க் யாருடையது?’ வாங்கியவர்களில் பலர் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள்.

டீசல் எஞ்சின் என்றதும் சில முகங்கள் சுளிப்பதைப் பார்க்கிறேன். நம் நாட்டு லோ பானட் ஜீப்பில் பாதிக்கு மேல் இன்று மேட்டடார் எஞ்சினோ, மகிந்திராவின் டீசல் எஞ்சினோதான் ஓடுகிறது என்றால் மிகையாக இருக்காது. அதைப் பிடுங்கிவிட்டு, அமெரிக்காவிலிருந்து வில்லிஸ் எஞ்சின் தருவித்துப் போட்டால்தான் வண்டிக்கு மரியாதை என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. பெட்ரோல் விலை ஏறியபோது அந்த ஜீப் இரும்புக்கடைக்குப் போகாமல் பிழைத்தது டீசல் எஞ்சினால். புதுப்பேட்டையில் அந்த எஞ்சினைத் தேடிக் கொண்டுவந்து, சாசியில் புது பிராக்கெட் வெல்டு வைத்து, ஃபிளைவீலையும் கியர்பாக்ஸையும் சேர்க்க லேத்தில் ஒரு வளையம் கடைந்த மெக்கானிக்கின் வேலையும் அந்த வண்டியின் வரலாறுதான். மால்தூர்னே பட்டறைக்காரர் செய்தால் சரித்திரம், மேட்டுப்பாளையம் பட்டறைக்காரர் செய்தால் கேடா?

பெயின்ட் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பழைய ஜீப் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கொண்டுபோய் மணல் வீசி வெறும் தகடாக்கிவிடுகிறார்கள். திருப்பணி என்ற பேரில் கோயில் சுவரில் மணல் வீசிக் கல்வெட்டை அழித்த கொடுமையை நம் ஊரில் பார்த்தோமே, அதே வேலைதான் இது. தண்ணீர் தொட்ட எமரித்தாளால் பானட்டின் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அகலம் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மேலே கடைசிச் சொந்தக்காரரின் சிவப்பு. அதற்குக் கீழே எஸ்டேட் காலத்துச் சாம்பல் நிறம். அதற்கும் கீழே ஏதோ ஒரு அரசுத் துறையின் வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே பட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் மங்கிய பச்சை, அதிர்ஷ்டம் இருந்தால் அதன் மேல் வெள்ளையில் ஒரு எண்ணின் கால் பாகம். அதுதான் வண்டியின் சர்வீஸ் புத்தகம். படம் எடுத்து, எழுதி வைத்துக்கொண்ட பிறகு எந்த நிறம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், 121-ஆம் விதிக்கு உட்பட்டு.

சேகரிப்பாளர் யாரும் கைவைக்காமலே பிழைத்திருக்கும் வண்டிகளையும் சொல்ல வேண்டும். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பு வரை 31 கிலோமீட்டர் மலைப்பாதை. அதில் 1950-களின் லேண்ட் ரோவர்கள் டாக்சியாக இன்றும் ஏறி இறங்குகின்றன. உள்ளூர் மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டுகிறார். இலண்டன் சேகரிப்பாளர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் அவர் கொட்டகையில் போர்வை போர்த்தி நிற்கும் வண்டியைவிட அந்த வண்டிக்கு உயிர் அதிகம். நம் பக்கமே பாருங்கள். கம்பம், போடி, தேவாரத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஏறும் ஜீப்புகள். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகப் போகும் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. அந்த டிரைவர்கள் யாரும் தங்களைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அச்சுக்குள் சுழலும் ‘கிரவுன்’ பல்சக்கரத்தின் சத்தத்தைக் காதால் கேட்டே எத்தனை பல் போயிருக்கிறது என்று சொல்பவர்கள் அவர்கள்தான்.

நேரம் போய்விட்டது, ஆனாலும் பென் கார்லினைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஃபோர்டு, ஜீப்பைப் படகாக்கி ‘ஜி.பி.ஏ.’ என்று 12,000-க்கும் மேல் செய்தது. தண்ணீரில் தாழ்வாக மிதக்கும், அலை வந்தால் மூழ்கும், ராணுவத்துக்கே பிடிக்கவில்லை. இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்த ஆஸ்திரேலியரான கார்லின், போர் முடிந்த சமயம் வங்காளத்தின் கலைகுண்டா விமானத் தளத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தார். இதில் உலகத்தைச் சுற்றினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஒன்றை வாங்கி, மேலே கூண்டு கட்டி, முன்னும் பின்னும் நீட்டி, கூடுதல் டேங்க் வைத்து, 1950-ல் மனைவி எலினோரோடு கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து அட்லாண்டிக்கில் இறங்கினார். ஆப்பிரிக்காவில் கரையேறி, ஐரோப்பா, மேற்காசியா தாண்டிக் கல்கத்தா வந்து, பிறகு ஜப்பான், அலாஸ்கா வழியாக 1958-ல் மான்ட்ரியலில் முடித்தார். ‘ஹாஃப் சேஃப்’ என்ற அந்த வண்டி இன்று பெர்த் நகரின் கில்ஃபோர்டு கிராமர் பள்ளியில், அவர் படித்த பள்ளியில், இருக்கிறது. அதன் கூண்டைப் பிய்த்து, நீட்டியதை வெட்டி, 1942-ல் ஃபோர்டு தொழிற்சாலையில் இருந்தது போல் ‘அசல்’ ஆக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை என்ன செய்வீர்கள்?

மாற்றத்தை ஏற்கலாம், பொய்யை ஏற்கக் கூடாது என்பதுதான் என் நிலை. சி.ஜே.3பி-யின் பானட்டை வெட்டித் தாழ்த்தி, ஒன்பது கீறல் கிரில் வைத்து, கள்ளத் தகடு அடித்து ‘1942’ என்று விற்பது மோசடி. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவ எண்ணைத் தனியார் வண்டியில் எழுதிக்கொண்டு ஊர்வலம் போவதும் அழகில்லை. அந்த அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்கு வந்த ஆண்டு. அதைக் கற்பனையாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டி பிறப்பதற்கு முந்தைய ஆண்டை எழுதிவிட்டு, தெரிந்தவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இளையவர்கள் சிலர் இப்போதுதான் வாங்கப் போவதாகச் சொன்னதால் காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. தாலுகா ஆபீஸ் பின்புறம் புளியமரத்தடியில் நின்ற ஹை பானட்டுகள் இனி ஏலத்துக்கு வராது, உடைக்கும் கூடத்துக்குப் போய்விடும். ஆகவே நல்ல ஆர்.சி.யோடு ஓடிக்கொண்டிருக்கும் ஜீப் கண்ணில் பட்டால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் படிவம் 21-இல் உரிய அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று வேண்டும், நகல் போதாது, அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு நடக்காது. சாசி எண்ணை நீங்களே பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்து அந்தச் சான்றோடு ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும், தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.